ஸ்டாண்ட் வாங்கிய பிறகு தோள் வலிப்பது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 43. ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியில்தான். திருப்பூரில் பனியன் கம்பெனிகள், பெருந்துறையில் ஆலைகள், அப்புறம் மாதம் ஒரு முறை ரயிலில் சென்னை. எங்கே போனாலும் கிடைக்கிற மேஜையில் 15.6 அங்குல லேப்டாப்பை விரித்துக்கொண்டு டேலி கணக்கு மென்பொருளும் எக்செலும்தான். கழுத்து வலி அதிகமானதால் சில மாதம் முன்பு மடக்கி எடுத்துப்போகும் அலுமினிய ஸ்டாண்ட் ஒன்று வாங்கினேன். திரை கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்றார்கள். அதனால் உயரத்தை மாற்றும் பற்களில் கடைசிப் பல் வரைக்கும் ஏற்றி வைத்து, அதிலேயே டைப் செய்கிறேன். குனிந்ததால் வந்த வலி கொஞ்சம் தேவலை. ஆனால் இரண்டு தோளும் மணிக்கட்டும் வலிக்கின்றன. சாயங்காலமானால் பின்மண்டையில் தலைவலி. சில இரவுகளில் வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. போன வருடம்தான் புரோகிரசிவ் கண்ணாடி (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி) போட ஆரம்பித்தேன். பில்களைச் சரிபார்க்க டேப்லெட் ஒன்று இருக்கிறது, அதை மடியில் வைத்துத்தான் பார்ப்பேன். ஸ்டாண்டை மாற்ற வேண்டுமா? கழுத்துப் பட்டை போடலாமா?
- வாசகி, ஈரோடு

பிசியோதெரபிஸ்ட் பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

ஸ்டாண்டுக்குப் போவதற்கு முன்னால் விரல் மரத்துப்போவதைப் பேசிவிடுகிறேன், அதைத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த முறை மரக்கும்போது எந்தெந்த விரல்கள் என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டின் குறுகலான பாதை வழியே போகும் நரம்பு நெருக்கப்படுவதாக இருக்கலாம். சுண்டுவிரலும் மோதிர விரலும் என்றால் முழங்கைப் பக்கம் பார்க்க வேண்டும். கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் விரல் மரக்கும். இவற்றில் எது என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது, கையையும் கழுத்தையும் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் ஓரிரு வாரத்துக்குள் ஓர் எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ நேரில் பாருங்கள். சர்க்கரையும் தைராய்டும் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தால் அந்த ரத்தப் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் இந்த மணிக்கட்டுத் தொல்லைக்கும் தொடர்பு உண்டு. கையில் பிடித்த டம்ளர் நழுவுகிறது, ஜாக்கெட் ஊக்கு மாட்டச் சிரமமாக இருக்கிறது, நடக்கும்போது தள்ளாடுகிறது என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் வாரக் கணக்கு வேண்டாம், உடனே போய்விடுங்கள்.

கழுத்துப் பட்டையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். நாள் முழுக்க அதைக் கட்டிக்கொண்டிருந்தால் கழுத்துத் தசைகள் தங்கள் வேலையைச் செய்யாமல் தளர்ந்துபோகும். மருத்துவர் பார்த்து, இதற்காக, இத்தனை நாள் என்று சொன்னால் மட்டும் போடுங்கள்.

சரி, ஸ்டாண்ட். அதைத் தூக்கிப்போட வேண்டாம், அதன் மேல் தப்பில்லை. லேப்டாப்பின் அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. திரையும் கீபோர்டும் ஒரே கீலில் சேர்ந்திருக்கின்றன. கைக்குத் தோதாக வைத்தால் திரை தாழ்ந்துவிடும், கழுத்து குனியும். கண்ணுக்குத் தோதாக வைத்தால் கீபோர்டு நெஞ்சு வரை ஏறிவிடும், கை தூக்கும். எவ்வளவு விலை கொடுத்தாலும் எந்த ஸ்டாண்டாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடியாது.

நம் தலை சுமார் 4.5 முதல் 5 கிலோ. தோளுக்கு நேர் மேலே இருக்கும்வரை அதன் பாரத்தைப் பெரும்பாலும் முதுகெலும்பு தாங்கிக்கொள்ளும். முன்னால் குனியக் குனிய, பின்கழுத்துத் தசைகள் அதை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். உங்கள் பழைய வலி அதுதான், ஸ்டாண்ட் அதைக் குறைத்திருக்கிறது. ஆனால் கடைசிப் பல்லில் ஏறிய லேப்டாப்பில் டைப் செய்யும்போது முழங்கை இரண்டும் அந்தரத்தில் நிற்கின்றன. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசை அந்தக் கைகளை மணிக்கணக்கில் தூக்கிப் பிடிக்கிறது. கீபோர்டு சரிவாக நிற்பதால் மணிக்கட்டும் வளைந்தே இருக்கிறது. தோள் வலிக்கும் மணிக்கட்டு வலிக்கும் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். என் கிளினிக்குக்கு வரும் ஆடிட் ஆட்களிடமும் மெடிக்கல் ரெப்களிடமும் நான் அடிக்கடி பார்ப்பது இதையேதான். ஸ்டாண்ட் வாங்குகிறார்கள், கூட வாங்க வேண்டியதை வாங்குவதில்லை.

கூட வாங்க வேண்டியது தனிக் கீபோர்டும் மவுஸும். லேப்டாப் ஸ்டாண்டில் ஏறிவிட்டால் அதன் கீபோர்டைத் தொடக் கூடாது, அது வெறும் திரை. தனிக் கீபோர்டு கையோடு இல்லாத நாளில் ஸ்டாண்டை முதல் பல்லுக்கு இறக்கிவிடுங்கள், அல்லது பையிலேயே விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் கொஞ்சம் குனிந்து டைப் செய்துவிட்டு எழுந்து நடப்பது, மூன்று மணி நேரம் தோளைத் தூக்கிக்கொண்டு டைப் செய்வதைவிட மேல்.

கீபோர்டைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் வேலையை யோசித்துப் பாருங்கள். கணக்கு வேலைக்காரர்களுக்கு நம்பர் பேட், அதாவது கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கும் எண் பொத்தான் தொகுதி, இல்லாமல் ஓடாது. டேலியில் என்ட்ரி போடுகிற கை அந்த ஓரத்து என்டர் பொத்தானைத் தேடியபடியே இருக்கும். அதற்காக நம்பர் பேட் சேர்ந்த முழு நீளக் கீபோர்டை வாங்கினால் பையில் அடங்காது, மவுஸும் வலது ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். அந்த மவுஸை எட்டிப் பிடிக்க வலது தோள் நாள் முழுக்க வெளிப்பக்கம் விரிந்தே இருக்கும். உங்களுக்கு நான் சொல்வது, நம்பர் பேட் இல்லாத சிறிய புளூடூத் கீபோர்டு ஒன்று, தனியாக ஒரு சிறிய நம்பர் பேட் ஒன்று. லாஜிடெக் கே380 வகைக் கீபோர்டு 400 கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தனி நம்பர் பேடை என்ட்ரி போடும்போது வலப்பக்கம் வைத்துக்கொள்ளலாம், மவுஸ் வேலை அதிகமான நாளில் இடப்பக்கம் தள்ளிவிடலாம். இடது கையால் எண் தட்டப் பழகிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், நினைப்பதைவிடச் சீக்கிரம் பழகும். வலது மணிக்கட்டுக்கு அது பெரிய ஓய்வு.

இனி உயரம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே, திரை ஒரு கை நீளத் தூரத்தில் என்பது பொது விதி. அந்த விதி புரோகிரசிவ் கண்ணாடிக்குப் பொருந்தாது. அந்தக் கண்ணாடியில் தூரப் பார்வை மேல் பகுதியில் இருக்கிறது. லேப்டாப் தூரத்துக்கான பவர் நடுவிலும் அதற்குக் கீழேயும் இருக்கிறது. திரை கண்ணுக்கு நேராக நின்றால், எழுத்து தெளிவாகத் தெரிவதற்காக நீங்கள் உங்களை அறியாமலே தாடையை உயர்த்திக் கழுத்தைப் பின்னால் மடக்குவீர்கள். நாள் முழுக்க அப்படி இருந்தால் மண்டையோட்டுக்கு அடியில் இருக்கும் சிறு தசைகள் இறுகி, பின்மண்டையில் வலி கிளம்பும். உங்கள் சாயங்காலத் தலைவலிக்கு இதைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன். வேலை செய்யும்போது உங்களைப் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள், தாடை தூக்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

உயரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், தையல் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். ஆனால் அளப்பதற்கு முன் இருக்கையைச் சரிசெய்ய வேண்டும். முழங்கையைத் தொங்கவிட்டு மடக்கினால் கை கீபோர்டின் மேல் நேராக வந்து அமர வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வழக்கமான 75 செ.மீ. மேஜையில் வேலை செய்தால், சராசரி உயரமுள்ள நம் பெண்களுக்கு மேஜையே உயரம்தான். ஒரு கெட்டிக் குஷனைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கால் தரையில் முழுதாகப் பதியவில்லை என்றால் இரண்டு பாக்ஸ் ஃபைலைக் காலடியில் வையுங்கள். ஆடிட் நடக்கிற இடத்தில் பாக்ஸ் ஃபைலுக்குப் பஞ்சமிருக்காது. அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, மேஜைப் பலகையிலிருந்து கண் வரை உள்ள உயரத்தை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். 5 அடி 2 அங்குல உயரமுள்ள ஒருவருக்கு அது 42 செ.மீ. அளவில் வரும். உங்கள் 15.6 அங்குல லேப்டாப்பைத் திறந்து சற்றுச் சாய்த்தால் அதன் மொத்த உயரம் ஏறத்தாழ 24 செ.மீ. கழித்தால் 18. சாதாரணக் கண்ணாடிக்காரர் என்றால் கீல் இருக்கும் பின்பக்கத்தை 15 முதல் 18 செ.மீ. வரை ஏற்றலாம். நீங்கள் 10 செ.மீ. அளவில் தொடங்குங்கள். தாடையைத் தூக்காமல், கழுத்தைக் குனியாமல் முழுத் திரையும் படிக்கிற இடம் வரும்வரை ஒவ்வொரு பல்லாக மாற்றிப் பாருங்கள். திரையின் மேல் பகுதியையும் சற்றுப் பின்னால் சாயுங்கள். கண் மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது, நான் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் இந்தத் தூரத்தில் திரை பார்க்கிறேன் என்று தூரத்தையும் அளந்து சொல்லுங்கள். திரை வேலைக்கென்றே தனியாகச் செய்யும் கண்ணாடி இருக்கிறது, உங்களைப் போன்றவர்களுக்கு அது செலவுக்குத் தகுந்த பலன் தரும்.

உங்களிடம் இருப்பது எக்ஸ் வடிவத்தில் விரியும் பல் வைத்த ஸ்டாண்டாக இருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல வகைதான். புதிதாக வாங்குகிறவர்களுக்காகவும் ஒரு விஷயம் சொல்கிறேன். கடையில் உங்கள் லேப்டாப்பையே வைத்து, திரையைத் திறந்து, மேல் விளிம்பை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஓரிரு ஆட்டத்தில் நின்றுவிட வேண்டும், ஆடிக்கொண்டே இருந்தால் வேண்டாம். முன்பக்கக் கொக்கியில் ரப்பர் இருக்கிறதா, பாதத்தில் வழுக்காத பட்டை இருக்கிறதா, விரித்த பிறகு கால் தானாக மடங்காமல் நிற்கிறதா, இவ்வளவும் பார்த்தால் போதும். இன்னும் உயரம் வேண்டுகிறவர்களுக்கு, மடக்கினால் குச்சிபோல் ஆகிவிடும் வலைப்பின்னல் வகை இருக்கிறது. ஜேம்ஸ் ஒலாண்டர் என்பவர் 2013-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டிக் கொண்டுவந்த ரூஸ்ட் இந்த வகை, எடை 200 கிராம்கூட இல்லை. அதே அமைப்பில் விலை குறைந்தவையும் கிடைக்கின்றன. தடித்த லேப்டாப்புகள் இந்த ஸ்டாண்டுகள் சிலவற்றின் கொக்கியில் உட்காரா, பொருத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். லேப்டாப்பின் அடியில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஸ்டாண்டுகள் சில அங்குலம்தான் தூக்கும். தனிக் கீபோர்டு இல்லாமல் கொஞ்ச நேரம் வேலை செய்யும் இடத்துக்கு அது போதும், உங்கள் வேலைக்குப் போதாது. ஒட்டும்போது காற்றுத் துளைகளை மூடிவிடாமலும் பார்க்க வேண்டும்.

நீங்கள் போகும் இடங்களுக்கு வருகிறேன். பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இடம் இல்லை என்றால் துணி வெட்டும் கட்டிங் டேபிளின் ஒரு மூலையைக் கேட்டு வாங்குங்கள். நாற்காலி போட்டு உட்கார அது ரொம்ப உயரம், ஆனால் நின்றுகொண்டு வேலை செய்ய உங்கள் முழங்கை உயரத்துக்கு அருகில் வரும். நிற்கும்போது கண் இன்னும் மேலே போய்விடுவதால் அங்கே ஸ்டாண்டைக் கடைசிப் பல் வரை ஏற்றலாம். ஒரு மணி நேரம் நின்று, ஒரு மணி நேரம் உட்கார்ந்து என்று மாற்றிக்கொண்டால் முதுகுக்கும் நல்லது. லாட்ஜ் அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு மடியில் லேப்டாப் வைப்பதை விட்டுவிடுங்கள். தலையணையின் மேல் வைத்தால் அடியில் காற்றோட்டம் அடைபட்டு லேப்டாப் சூடாகும். நெடுநேரம் மடியிலேயே வைத்திருந்தால் அந்தச் சூட்டில் தொடைத் தோல் வலைபோல் கருத்துப்போவதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அறையில் மேஜை இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடலாம். தலையணையை முதுகுக்கு வையுங்கள், அதுதான் அதற்கு இடம்.

ரயிலில் ஸ்டாண்டை விரிக்காதீர்கள். சேர் கார் இருக்கையின் மடக்கு மேஜை சிறியது, வண்டி ஆட ஆட ஏற்றி வைத்த திரையும் ஆடும், கண் தன்னைச் சரிசெய்துகொண்டே இருந்து களைத்துப்போகும். முன்னால் இருப்பவர் சாய்ந்தால் திரை இடையில் மாட்டிக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. ஈரோட்டில் வந்தே பாரத் ஏறினாலும் சரி, வேறு வண்டி ஏறினாலும் சரி, அந்த நேரத்தை டைப் செய்யும் வேலைக்கு வைக்காமல் படிக்கும் வேலைக்கு வையுங்கள். கிளையன்ட் அனுப்பிய குறிப்புகள், பழைய அறிக்கைகள், போனில் பேசி முடிக்க வேண்டியவை. அதற்கு டேப்லெட் போதும்.

டேப்லெட்டை மட்டும் மடியில் வைக்காதீர்கள். ஹார்வர்டு பொதுச் சுகாதாரக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் செய்த ஓர் ஆய்வு 2012-ல் வெளிவந்தது. டேப்லெட்டை மடியில் வைத்துப் பார்க்கும்போது தலையும் கழுத்தும் நன்றாகக் குனிகின்றன என்றும், மேஜையில் செங்குத்தாக நிறுத்திப் பார்க்கும்போதுதான் கழுத்து இயல்பான நிலைக்கு அருகே வருகிறது என்றும் அதில் அளந்து காட்டினார்கள். படிக்கும் வேலைக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். கையெழுத்துப் போட, விரலால் தட்டி எழுத என்றால் படுக்கையாக இறக்கிக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்கும் திரையில் கையை நீட்டித் தட்டிக்கொண்டே இருந்தால் மறுபடியும் தோள்தான் அடிவாங்கும்.

அதைவிட நல்ல உபயோகம் ஒன்று சொல்கிறேன். பில் சரிபார்க்கும்போது டேப்லெட்டில் பில்லையும் லேப்டாப்பில் பதிவையும் மாறி மாறிப் பார்ப்பீர்கள். ஒன்று மடியிலும் ஒன்று மேஜையிலும் இருந்தால் ஒவ்வொரு பில்லுக்கும் கழுத்து ஒரு முறை இறங்கி ஏறும். சிறிய மடக்கு ஸ்டாண்ட் ஒன்றில் டேப்லெட்டை நிறுத்தி, லேப்டாப் திரைக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், அதே தூரத்தில் வையுங்கள். அப்போது கண் மட்டும் நகர்ந்தால் போதும். டேப்லெட் ஸ்டாண்டில் நான் பார்ப்பது ஒன்றுதான், அடிப்பாகத்தின் எடை. இறகுபோல் லேசாக இருப்பது விரல் பட்டதும் பின்னால் சாயும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் ஒரே நிலையில் மணிக்கணக்காக இருந்தால் உடம்பு வலிக்கத்தான் செய்யும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்து ஐந்து விநாடி பிடித்து விடுவதைப் பத்து முறை செய்யலாம். இந்த வேலையில் எல்லாக் கழுத்துக்கும் பொருந்துவது அவ்வளவுதான். மற்றப் பயிற்சிகளை மருத்துவர் உங்கள் கையையும் கழுத்தையும் பார்த்த பிறகு, அருகிலுள்ள பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், லேப்டாப் பையை ஒரே தோளில் மாட்டும் பழக்கம் இருந்தால் இரண்டு தோளிலும் மாட்டும் பைக்கு மாறிவிடுங்கள். ஸ்டாண்ட், கீபோர்டு, மவுஸ், நம்பர் பேட் எல்லாம் சேர்ந்தால் பையின் எடை ஒரு கிலோ வரை கூட ஏறலாம்.

பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஒதுக்க முடியும் என்றால் முதலில் கீபோர்டும் மவுஸும், பிறகு நம்பர் பேட், கடைசியில் டேப்லெட் ஸ்டாண்ட். ஆனால் இதை நீங்களே செலவழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளியூர் வேலைக்கு அனுப்புவது அலுவலகம், இந்தச் சாமான்கள் அந்த வேலைக்கான கருவிகள். உங்கள் ஆடிட்டரிடம் இந்தக் கடிதத்தையே காட்டிக் கேளுங்கள், வெளியே போகும் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். எது எதுக்கோ கிளையன்ட் கணக்கில் செலவு எழுதும் இடத்தில் ஒரு கீபோர்டு பில்லை அலுவலகப் பெயரில் போடுவது பெரிய விஷயம் இல்லை.